ஹாஜிரா பீ வெட்டிய சீட்டு

கச்சேரி ரோட்டில் பித்தானும் நூலும் விற்கிற கலீமுல்லாவுக்குப் பள்ளிக்கூட விழாக்களில் வித்தை காட்டுகிற பழக்கமும் உண்டு. ஞாயிறு சாயங்காலம் பனகல் பூங்காவில் அவரைப் போன்ற வித்தைக்காரர்கள் ஐந்தாறு பேர் கூடுவார்கள். யார் புது வித்தை கண்டுபிடித்தாலும் முதலில் கலீமுல்லாவிடம்தான் கொடுப்பார்கள். ஓட்டை இருந்தால் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிற மனிதர் அவர்.

1942 மார்ச்சில் தனபாலன் என்ற டைப்பிஸ்ட் ஒரு சீட்டு வித்தையோடு வந்தான்.

"கை வேகமே வேணாம் பாய். எல்லாத்தையும் எதிர்ல குந்திக்கினு இருக்கறவங்களே செஞ்சுப்பாங்க. புதுசா கத்துக்கறவங்களுக்குப் புஸ்தகமா போடப் போறேன். நீங்க சரின்னா அச்சுக்குக் குடுத்துடுவேன்."

கூடவே ஒரு தாளில் மூன்று கேள்விகள் எழுதித் தந்தான். சுலபமா? தவறாமல் வருகிறதா? தானே தேர்ந்தெடுத்ததாக எதிராளி நம்புகிறாரா?

வித்தை சின்னதுதான். சீட்டுக்கட்டின் மேலே இருக்கிற சீட்டு எதுவென்று முன்னாலேயே பார்த்து, அதைத் துண்டுத்தாளில் எழுதி உறையில் ஒட்டிவிட வேண்டும். எதிராளி கட்டை வெட்டி மேல்பாதியைத் தரையில் வைப்பார். மீதியை அதன்மேல் குறுக்காக வைக்கச் சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் பேச்சுக் கொடுக்க வேண்டும். பிறகு குறுக்குக் கட்டைத் தூக்கி, தரையில் இருக்கிற பாதியின் மேல் சீட்டை எடுக்கச் சொன்னால், தான் வெட்டிய இடம் அதுதான் என்று அவர் சத்தியமே செய்வார். உண்மையில் அது பழைய மேல் சீட்டு.

பக்கத்துக் கடைத் தையற்காரர் வைரவனிடம் கலீமுல்லா நாலு தடவை செய்து பார்த்தார். நாலு தடவையும் பலித்தது. ஒன்றும் அறியாத ஒருவரிடம் கடைசியாகப் பார்த்துவிடலாமென்று, மத்தியானம் சாப்பிட வந்தபோது வீட்டில் கட்டைப் பிரித்தார். அடுத்த போர்ஷன் ஹாஜிரா பீ அவருடைய மனைவி குல்ஷனோடு உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் ஹனீஃபா சிங்கப்பூரில் ஜவுளிக்கடைக் குமாஸ்தா. அந்த ஊர் ஜப்பான்காரன் கைக்குப் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. கடுதாசி இல்லை.

ஹாஜிரா கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துவிட்டுத்தான் வெட்டினாள். கிளாவர் எட்டு வந்தது. உறையைக் கிழித்தாள். கிளாவர் எட்டு என்று எழுதியிருந்தது. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு விசும்பினாள். கலீமுல்லாவுக்குப் புரியவில்லை. அவள் போன பிறகு குல்ஷன் சொன்னாள்.

"பேப்பர்ல இருக்கறதே வந்தா அவரு உசுரோட கீறாருன்னு நெனச்சிக்கினு வெட்டிச்சாம்."

மறுநாளே கலீமுல்லா கட்டை எடுத்துக்கொண்டு ஹாஜிராவின் வாசலுக்குப் போனார். ரகசியத்தைச் சொன்னார். மூன்று தடவை செய்து காட்டினார். அவளையே செய்யவும் வைத்தார்.

"மேல இருந்த சீட்டுதான் வருதுன்றீங்க," என்றாள் ஹாஜிரா. "அத மேல வெச்சது யாரு பாய்?"

"யாரும் வெக்கலம்மா. கலைச்சேன், தானா மேல வந்துச்சு."

"தானா வந்துச்சு இல்ல? அனுப்பினவன் யாரு?"

கலீமுல்லா சீட்டுகளைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு எழுந்தார்.

ஏப்ரலில், ஜப்பான்காரன் குண்டு போடுவானென்று, ஊரைக் காலி பண்ணச் சொல்லிச் சர்க்கார் உத்தரவு வந்தது. எழும்பூரில் ரயிலுக்கு அடிதடி. ஹாஜிராவின் அண்ணன் காதர் ஆம்பூரிலிருந்து அழைத்துப்போக வந்தார். அவள் வரமாட்டேனென்றாள். வீடு பூட்டிக் கிடந்தால் புருஷன் வந்து எங்கே நிற்பார் என்று கேட்டாள். காதர் நேரே கலீமுல்லாவிடம் வந்தார்.

"நீங்க பண்ணின வேல பாய் இது. நீங்களே சொல்லி அனுப்புங்க."

"அதே வித்தைய இன்னொரு தபா செய்யுங்க," என்றாள் குல்ஷன். "சீட்டு சரியா வந்தா கெளம்பிடணும்னு சொல்லிட்டு."

பொய்யை வைத்து இன்னொரு பொய்யா என்று கூசினாலும், அவளை அந்தத் தெருவில் தனியே விட்டுப்போக மனம் வராமல், உறையும் கட்டுமாகப் போய் உட்கார்ந்தார். ஹாஜிரா கட்டைத் தொடவில்லை.

"ஒரு தபா கேட்டாச்சு பாய். திரும்பக் கேட்டா நம்பலன்னு ஆயிடும்."

காதர் தனியே ஊர் திரும்பினார். கலீமுல்லா குல்ஷனையும் குழந்தைகளையும் ஆற்காட்டில் கொண்டுவிட்டார். புறப்படுகிற அன்று தனபாலன் ஸ்டேஷனுக்கே வந்து அந்த மூன்று கேள்வித் தாளைக் கேட்டான்.

"இத அச்சடிக்க வேணாம்பா."

"ஏன் பாய்? எங்க கோளாறு கீது?"

கோளாறு இன்ன இடமென்று அவரால் காட்ட முடியவில்லை. சுலபம்தான். தவறுவதில்லைதான். எதிராளி நம்பத்தான் செய்கிறார். மூன்றுக்கும் ஆம் என்றே எழுதிக் கொடுத்தார். தனபாலன் சந்தோஷமாகக் கை குலுக்கிவிட்டுப் போனான்.

குண்டு விழவில்லை, ஜனங்கள் திரும்பினார்கள். ஹாஜிரா மெலிந்திருந்தாள், ஆனால் முகம் தெளிந்திருந்தது. ஒவ்வொரு வருஷமும் அதே தெளிவைப் பார்த்துப் பார்த்து, ஒருவேளை ஹனீஃபா வந்துதான் விடுவானோ என்று கலீமுல்லாவுக்கே ஒரு சபலம் தட்டியது.

நாற்பத்தைந்து டிசம்பரில் சிங்கப்பூர்க் கப்பலில் வந்திறங்கிய வெள்ளைத்துரை என்பவர் பித்தான் கடையை விசாரித்துக்கொண்டு வந்தார். ஹனீஃபாவோடு ஒரே கடையில் வேலை பார்த்தவர். நாற்பத்திரண்டு பிப்ரவரி குண்டுவீச்சிலேயே ஹனீஃபா போய்விட்டான், நானே கூட நின்று அடக்கம் செய்தேன் என்றார். ஹாஜிரா கட்டை வெட்டியதற்கு ஒரு மாதம் முன்னால்.

கலீமுல்லா அவரைக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னார். ஹாஜிரா அழவில்லை. எந்தத் தேதி என்று மட்டும் கேட்டாள். புருஷன் போனவள் வெளியே வராமல் இத்தா இருக்க வேண்டும், என்றிலிருந்து கணக்கு என்று பள்ளிவாசல் ஹஸ்ரத்திடம் கேட்டு வாருங்கள் என்றாள். கேட்டு வந்தார். புருஷன் இறந்த நாளிலிருந்துதான் நாலு மாதம் பத்து நாள் கணக்கு, அது எப்போதோ முடிந்துவிட்டது, இனி இருக்க வேண்டியதில்லை என்றிருந்தார் ஹஸ்ரத்.

கதவுக்குப் பின்னாலிருந்து ஹாஜிரா கேட்டாள்.

"அப்ப நான் இப்ப இன்னா பண்ணணும் பாய்?"

கலீமுல்லா வாசற்படியில் நின்றார். செருப்பைக் கழற்றுவதா, திரும்பிப் போவதா என்றுகூடத் தெரியவில்லை. பின்னாலேயே வந்த குல்ஷன் அவரைத் தாண்டி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.