ஆள் வந்தால் எடுக்கும் வண்டி

ஓபல் டிரெனன் உள்ளேயே சமைத்து, தூங்கிக் குடியிருந்த வீட்டு வண்டிக்கு ஒரு கெட்ட குணம் இருந்தது. அவள் தனியாக இருந்தால் எடுக்காது. நாலு பேர் வந்து சுற்றி நின்றால் சாவியைத் தொட்டதுமே உறுமிக்கொண்டு கிளம்பிவிடும்.

அரிசோனா பாலைவனத்தில் எங்கள் குளிர்கால முகாமில் ஆள் வருவதற்கா பஞ்சம்? வடக்கே பனிக்குப் பயந்து ஓடிவந்து, பங்குனி வெயில் ஏறும்வரை சக்கரத்தை அசைக்காமல் கிடக்கும் கிழடுகள் நாங்கள். யாருடைய எஞ்சினாவது இருமினால் போதும், ஆளுக்கொரு மடக்கு நாற்காலியோடு வந்து உட்கார்ந்துவிடுவோம். கையில் ஸ்பேனர் இருக்கிறதோ இல்லையோ, வாயில் அபிப்பிராயம் இருக்கும்.

வண்டி எழுபத்தாறாம் வருஷத்தது. ஓபலுக்கு முன்னால் அதை வைத்திருந்தவர் கார்புரேட்டரைக் கழற்றி எறிந்துவிட்டு, ஃபியூயல் இன்ஜெக்ஷன் மாட்டியிருந்தார். பெட்ரோலை எப்போது, எவ்வளவு விடுவது என்பதைத் தீர்மானிக்க ஒரு சின்னக் கம்ப்யூட்டர் பெட்டி. எங்கள் வயசுக்காரர்களுக்கு அந்தப் பெட்டியைக் கண்டாலே ஆகாது.

எங்கள் கூட்டத்தில் ஹார்லன் வந்து ரிலே என்னும் மின்சுவிட்சை மாற்றினார். வண்டி எடுத்தது. ஊரெல்லாம் தன் கைராசியைச் சொல்லிக்கொண்டு திரிந்தார். மறுநாள் ஓபல் சந்தைக்குக் கிளம்பினாள், மக்கர் பண்ணிவிட்டது. இன்னொருவர் ஒரு சென்சாரை மாற்றினார். எடுத்தது. இரண்டு நாள் கழித்து மறுபடி அதே கதை. நான் பெட்ரோல் ஃபில்டரை மாற்றிவிட்டு மீசையை முறுக்கியதையும் மறைப்பானேன்?

வந்தவர்களை ஓபல் சும்மா விடமாட்டாள். பள்ளிக்கூடத்துச் சமையலறையில் காலமெல்லாம் நின்றவள். முதலில் ஜெனரேட்டரைப் போட்டு, மின்சாரப் பாத்திரத்தில் காபி வைத்து, எல்லோரும் இரண்டு கப் குடித்த பிறகுதான் வண்டியைத் தொட விடுவாள்.

அவள் மகன் கர்ட் ஃபீனிக்ஸில் இருந்தான். கடைவாசலில் எடுக்காமல் நின்ற வண்டியைப் பார்க்க ஓடி ஓடி வந்து அலுத்துப்போய், கடைசியில் அம்மாவிடம் ஒரு நிபந்தனை போட்டான். ஞாயிற்றுக்கிழமை வருவான், சாவியை அவனே திருப்புவான். எடுக்காவிட்டால் வண்டியை விற்றுவிட்டு அவள் அவன் வீட்டுப் பின்னறைக்குப் போய்விட வேண்டும். ஓபல் சரி என்றுவிட்டாள். சொன்னால் சொன்னதுதான் அவளுக்கு.

ஓபல் இல்லாவிட்டால் அந்த முகாம் எனக்கு வெறும் மணல். இதை நான் அவளிடம் சொன்னதில்லை. சொல்லும் தைரியம் இருந்தால் நான் ஏன் ஃபில்டர் மாற்றிக்கொண்டிருக்கிறேன்?

வெள்ளிக்கிழமை காலையில், ஓபலிடம் இரவல் வாங்கிய கேக் தட்டைத் திருப்பிக் கொடுக்க எங்கள் முகாம் லாமார் போயிருக்கிறார். யூட்டாக்காரர், ஓய்வுபெற்ற பல் டாக்டர். மார்மன் என்ற கிறிஸ்தவச் சபையைச் சேர்ந்தவர், அங்கே காபி விலக்கு, அதனால் தொடமாட்டார். வந்த மனிதருக்கு வண்டியின் சாமர்த்தியத்தைக் காட்டலாம் என்று ஓபல் சாவியைத் திருப்பினாள். செல்ஃப் மோட்டார் சுற்றியது, சுற்றியது, எஞ்சின் எடுக்கவே இல்லை. முகாமில் சாட்சி வைத்துக்கொண்டு அது படுத்தது அதுதான் முதல் தடவை. சத்தம் கேட்டு நாங்கள் ஓடினோம்.

"என்னய்யா பண்ணித் தொலைச்சீங்க?" ஹார்லன் லாமாரைப் பிடித்துக்கொண்டார். "நாங்க வந்தப்பல்லாம் பாட்டுப் பாடின வண்டி, நீங்க வந்ததும் படுத்துக்கிச்சே! பல்லு பிடுங்கற கைராசியா?"

"நான் ஒண்ணுமே பண்ணலீங்க," என்றார் பாவம். "காபிகூட வேணாம்னுட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சுருக்கென்றது.

"ஓபல், இன்னிக்கு ஜெனரேட்டர் போடலையா?"

"எதுக்கு? எனக்கு மட்டும்னா அடுப்புல வெந்நீர் வெச்சுத் தூளைக் கலக்கிக் குடிச்சுருவேன். அந்த இரைச்சல் யாருக்கு வேணும்?"

ஜெனரேட்டர் ஓடினால் பேட்டரிக்கும் சேர்த்து மின்சாரம் ஏறும். நான் மீட்டரை எடுத்துவந்து கம்ப்யூட்டருக்குப் போகும் வயரில் வைத்து, ஓபலைச் சாவியைத் திருப்பச் சொன்னேன். முள் சடாரென்று கீழே விழுந்தது.

"மோட்டார் சுத்தற அளவுக்குத் தெம்பு இருக்கு. ஆனா அது சுத்தறப்ப இந்தப் பெட்டிக்கு ஒண்ணும் மிஞ்சல," என்றேன். "பெட்டி தூங்கிடுது. அப்புறம் பெட்ரோல் யாரு விடுவா?"

"அப்ப இத்தனை நாள் நம்ம வைத்தியமெல்லாம்?" என்றார் ஹார்லன்.

"காபி வைத்தியம்தான்."

பிறகு வயரைப் பிடித்துக்கொண்டே போனோம். பேட்டரியிலிருந்து வண்டியின் இரும்புச் சட்டத்துக்கு வரும் எர்த் வயரை எவனோ பெயின்ட்டுக்கு மேலேயே முடுக்கியிருந்தான். கழற்றினால் உள்ளே ஒரே பச்சைக் களிம்பு. பேட்டரியின் தெம்பில் பாதி அங்கேயே வீணாகிப்போக, ஜெனரேட்டர் ஓடியபோது மட்டும் அந்தக் குறை ஈடுகட்டியிருக்கிறது. உப்புத்தாளால் இரும்பு பளபளக்கும்வரை தேய்த்து, வாயை மூடிக்கொண்டு முடுக்கினேன். ஜெனரேட்டர் இல்லாமலே எடுத்தது. மறுநாள் விடிகாலைக் குளிரிலும் எடுத்தது.

ஞாயிறன்று கர்ட் வந்தான். சாவியைத் திருப்பினான், எடுத்தது. ஊருக்குள் ஓட்டிப்போய், சூடாக நிறுத்தி, மறுபடி திருப்பிப் பார்த்துவிட்டு வந்தான். இறங்கியபோது அவன் முகம் வாடியிருந்தது.

"சரிம்மா. நீயே ஜெயிச்சுட்ட. நான் அந்த ரூமுக்குப் பெயின்ட்லாம் அடிச்சு வெச்சிருந்தேன்."

"பெயின்ட் எங்கயும் ஓடிடாதுடா. வந்து தங்கறேன், கொஞ்ச நாள்," என்று அவள் அவன் கன்னத்தைத் தட்டினாள்.

எனக்கு அவனைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் அன்று நான் நிம்மதியாகத் தூங்கினேன். ஓபல் எங்கேயும் போகமாட்டாள்.

திங்கட்கிழமை காலை எழுந்து பார்த்தால், அவள் வண்டியோரம் கட்டியிருந்த நிழல்துணியைச் சுருட்டிக்கொண்டிருக்கிறாள்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"கடலுக்கு. ஆரிகன் பக்கம்."

"இந்த மாசத்துலயா? அங்க மழை கொட்டுமே!"

"கொட்டட்டும். ரெண்டு குளிர்காலமா இங்கயே கிடந்தேன், டெல். உங்களையெல்லாம் விட்டுத் தள்ளிப் போனா எங்கயாவது நின்னுடுமோன்னு பயம். இல்லாட்டி இந்த மணல்ல எனக்கு என்ன வேலை?"

அவளைப் போகவிடாமல் வைத்திருந்த ஒரே வயரை என் கையாலேயே சரிசெய்திருக்கிறேன். சக்கரத்துக்கு அண்டைகொடுத்திருந்த கட்டைகளை எடுத்து உள்ளே வைக்க உதவினேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. அவள் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். முதல் தொடுதலிலேயே எடுத்தது, சனியன்.

அவள் ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள்.

"டெல், உங்க வண்டிக்கு என்ன கோளாறு?"

"என் வண்டிக்கா? ஒண்ணும் இல்லையே. ஒரு நாளும் மக்கர் பண்ணதில்ல."

"அப்புறம் ஏன் இங்கயே நின்னுக்கிட்டிருக்கீங்க?"

நான் திரும்பி, என் வண்டிச் சக்கரத்துக்கு அண்டைகொடுத்திருந்த கட்டைகளைப் பார்த்தேன். அவள் எஞ்சினை அணைக்கவில்லை, கிளம்பவும் இல்லை.