நூற்றைம்பது பேருக்குப் போன எக்ஸ்ரே

முந்தைய நாள் காலையில் டூட்டிக்கு வந்த இசைவாணி இன்னும் வீடு திரும்பவில்லை. படப்பைக்கு ஷேர் ஆட்டோ பிடிக்கக் கிளம்பியவளைப் பயிற்சி வகுப்புக்கு வரச் சொல்லிவிட்டார்கள். ஒரகடம் சாலையில் இருந்த அந்தத் தனியார் மருத்துவக் கல்லூரியின் ஹவுஸ் சர்ஜன்கள், அவளையும் சேர்த்து அத்தனை பேரும், அதற்கு வந்து கையெழுத்துப் போட்டாக வேண்டும். நோயாளிகளின் அந்தரங்கமும் தகவல் பாதுகாப்பும் என்று திரையில் போட்டிருந்தது.

கண்ணைத் திறந்து வைத்திருப்பதே அவளுக்குப் பெரும்பாடாக இருந்தது. பதிவேட்டுப் பிரிவின் ரத்னா மேடம் பேசிக்கொண்டிருந்தார். பாஸ்வேர்டை அடுத்தவருக்குச் சொல்லாதீர்கள், கம்ப்யூட்டரைத் திறந்துபோட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். பின்வரிசையில் யாரோ குறட்டை விட்டார்கள்.

"பேர மறைச்சிட்டா போதும்னு நெனைக்கிறீங்க," என்றார் மேடம். "போன மாசம் இங்கருந்து ஒரு எக்ஸ்ரே போட்டோ வெளிய போயிருக்கு. பேரு தெரியல. ஆனா அதப் புடிச்சிகினு நின்ன பொண்ணு கழுத்துல கம்பெனி கார்டு, நம்பரோட தெரியுது. டி.பி.ன்னு கம்பெனிக்குத் தெரிஞ்சி, வேலைக்கே வராதன்னுட்டாங்க."

இசைவாணியின் தூக்கம் போன இடம் தெரியவில்லை.

போன மாதம் ஒருநாள் நெஞ்சுநோய்ப் பிரிவில் எக்ஸ்ரே பார்க்கும் விளக்கு எரியவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் பிடிக்கச் சொன்னதும், பெயரைக் கட்டைவிரலால் மறைக்கச் சொன்னதும், படமெடுத்ததும் அவள்தான். பிறகு பேட்ச் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு, நுரையீரலில் ஓட்டைபோல் தெரிந்ததைக் காட்டி, 'இது கேவிட்டியா, பாருங்கப்பா' என்று கேட்டிருந்தாள். குரூப்பில் நூற்றைம்பது பேர். அங்கிருந்து எந்த வழியாகக் கம்பெனிக்குப் போனதோ, யார் கண்டார்கள்?

வகுப்பு முடிந்து எல்லோரும் வாசலுக்கு முண்டியடித்தபோது அவள் மேடையருகே போனாள்.

"மேடம், அந்த போட்டோ நான் எடுத்தது."

ரத்னா மேடம் லேப்டாப் வயரைச் சுருட்டுவதை நிறுத்தினார். திட்டவில்லை. அவருக்கும் அன்று அது மூன்றாவது வகுப்பு.

"எழுதிக் குடும்மா. இன்னா நடந்துச்சோ அத அப்படியே எழுது."

"அவங்கள நேர்ல பாக்கணும் மேடம். அட்ரஸ் கெடைக்குமா?"

"இவ்ளோ நேரம் நான் இன்னா சொல்லிகினு இருந்தேன்? மன்னிப்பு கேக்கணும்னு அவங்க ஃபைல பிரிப்பியா?"

இசைவாணி தலை குனிந்தாள். நின்றபடியே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

திங்கட்கிழமை மாத்திரை வாங்கும் வரிசையில் அந்தப் பெண்ணே வந்தாள். பெயர் இசக்கி. திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. இப்போது கழுத்தில் அட்டை இல்லை. இசைவாணி அவளைத் தனியாக அழைத்துப்போய் நடந்ததைச் சொன்னாள். இசக்கி இடைமறிக்காமல் கேட்டாள்.

"எங்கம்மைக்கே நான் சொல்லல டாக்டர். ஹாஸ்டல்ல என் தட்ட தனியா எடுத்து வச்சுட்டாளுவ. இப்ப மன்னிப்ப வச்சுக்கிட்டு நான் என்னத்த செய்ய?"

"நான் ஏதாவது செய்யலாமா?"

"கம்பெனில, இனி யாருக்கும் ஒட்டாதுன்னு பெரிய டாக்டர்ட்ட லெட்டர் வாங்கிட்டு வரச் சொல்லுதாவ. நாலு நாளா அலையுதேன்."

மறுபடி சளிப் பரிசோதனை செய்தார்கள். கிருமி இல்லை என்று வந்தது. பேராசிரியர் அறைக்கும் அலுவலகத்துக்குமாக இரண்டு நாள் நடந்து, கையெழுத்தும் முத்திரையும் வாங்கினாள் இசைவாணி. கடிதத்தில் நோயின் பெயர் வேண்டாம், வேலைக்குத் தகுதியானவர் என்று மட்டும் இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டாள். உறையை ஒட்டி இசக்கியின் கையிலேயே கொடுத்தாள்.

மூன்று வாரம் கழித்துக் கம்பெனி இசக்கியைச் சேர்த்துக்கொண்டது. பழைய அசெம்பிளி லைன் கிடைக்கவில்லை, பேக்கிங்கில் போட்டார்கள். ஹாஸ்டலை விட்டுப் பென்னலூரில் ஒரு அறை பார்த்துக்கொண்டாள். இசைவாணிக்குத் தண்டனையாக ஹவுஸ் சர்ஜன் காலம் இரண்டு மாதம் நீண்டது. வீட்டில் ஏனென்று கேட்டதற்கு, "லீவு எடுத்துட்டேன்ல, அதான்," என்று சொல்லி வைத்தாள்.

அடுத்த மாதம் இசக்கி மருந்துக்கு வந்த அன்று இசைவாணியின் மேஜை முன்னால் யாரும் இல்லை. பக்கத்து மேஜையில் பத்துப் பேர் நின்றார்கள். இசக்கி இவளைப் பார்த்தாள், லேசாகத் தலையசைத்தாள், பதினோராவது ஆளாகப் போய் அங்கேயே நின்றுகொண்டாள். இசைவாணி அவளைக் கூப்பிடவில்லை.