குயில்லைனில் போன "ஆமாக்கா"

"டிங்கோடெல்தான் போடணும்! நான் சொல்லி முடிச்சிட்டேன்!"

ரஜீவ் மேசையில் அடித்த அடியில், கொழும்பிலிருந்து அவனே கட்டித் தூக்கி வந்த கொம்பியூட்டர் திரை ஒருமுறை ஆடி நின்றது.

"ஒன் சத்தத்துக்கு இன்டர்நெட் போனே வேணாம்டா. வாசல்ல நின்னு கத்து, கோத்தகிரியில அத்தைக்கு கேக்கும்," என்றாள் அவன் அம்மா பாக்கியலெட்சுமி. "குயில்லைன்தான் நல்லதுன்னு கலாராணி சொல்றா. பண்டாரவளையில அவ வேல செய்றதே டெலிபோன் கடையிலதான்."

"நான் கொழும்புல ஆறு மாசமா இதத்தானேம்மா விக்கிறேன்?"

"விக்கிறவன் பேச்ச நம்பித்தான் போன வருசம் அந்தக் குடைய வாங்குனேன்."

வேலிக்கு மேலே ஸுபைராவின் முகம் எழும்பியது. பக்கத்துக் கடைக்காரி. பெரகல சந்தியில் எந்த வீட்டில் குரல் உயர்ந்தாலும் அவளுடைய தராசு பாதியில் நின்றுவிடும். "எங்கட ஸைனப் ஜித்தாவுல இருந்து டிங்கோடெல்லுலதான் பேசிய. பக்கத்துல ஈக்கிற மாதிரி கேக்கும் புள்ள. மருமகன் கொறட்ட விட்டாலும் கேக்கும்."

"கேட்டியா!" என்றான் ரஜீவ்.

"கொறட்ட கேக்கவா நாங்க போன் போடுறோம்?" என்றாள் பாக்கியலெட்சுமி.

எல்லோரும் பாக்கியலெட்சுமியின் மகள் கலாராணியைப் பார்த்தார்கள். அவள் சீப்பை எடுத்துத் தலையில் வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். "குயில்லைனே போடுங்க," என்றாள். "நான் ரெண்டையும் பேசிப் பாத்துட்டேன்."

பேசிப் பார்த்தது உண்மை. டிங்கோடெல் கண்ணாடி மாதிரி. குயில்லைனில் சொன்ன சொல் அக்கரை போய்ச் சேர இரண்டு மூச்சு பிடிக்கும். போதாததற்கு, ஒரு பக்கம் சத்தம் கூடினால் மறுபக்கத்தை அப்படியே விழுங்கிவிடும். தெரிந்தேதான் சொன்னாள்.

காரணம் கோத்தகிரி. அப்பா பொன்னையாவின் அக்கா அங்கம்மா, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றில் குடும்பத்தோடு கப்பலேறி இந்தியாவுக்குப் போனவள். முப்பத்தைந்து வருசமாக அக்காவும் தம்பியும் கடிதத்தில்தான் உறவு வளர்த்தார்கள். சென்ற சித்திரையில் வந்த கடிதத்தில், தன் மகன் அழகருக்குக் கலாராணியைக் கேட்டிருந்தாள். போன் வந்ததும் வாய்விட்டுப் பேசி முடிவு செய்வதாகப் பொன்னையா பதில் எழுதினார். எழுதிய அன்றிலிருந்து கலாராணிக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

தோட்டத்துப் பாடசாலை ஆசிரியர் வேலைக்கு பதுளையில் இன்டர்வியூ முடித்து மூன்று மாதம். கடிதம் இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று தபால்காரரின் சைக்கிள் மணிக்கே வாசலுக்கு ஓடினாள். கோத்தகிரியில் மச்சான் வீட்டிலும் கொழுந்துதான் எடுக்கிறார்கள். இங்கே ஒருநாளும் கூடை மாட்டாதவள், கடல் தாண்டிப் போய் மாட்டுவதா? ஆனால் அக்காவின் கடிதத்தை மடித்து மடித்தே கிழித்துவிட்ட அப்பாவின் முகத்தைப் பார்த்து "மாட்டேன்" என்று சொல்ல வாய் வரவில்லை. லைன் சரியில்லாவிட்டால் பேச்சு தள்ளிப்போகும், அதற்குள் கடிதம் வந்துவிடும் என்று கணக்குப் போட்டாள். கெட்டிக்காரிதான். கெட்டிக்காரிகள் போடும் கணக்கெல்லாம் பெரகல சந்தியில் தலைகீழாகத்தான் ஆகும்.

ஞாயிற்றுக்கிழமை காலை குயில்லைன் பெட்டியைக் கொம்பியூட்டரோடு இணைத்துப் பூட்டியாயிற்று. ரஜீவ் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே பூட்டினான். பொன்னையா குளித்து, வேட்டி மாற்றி, திருநீறு பூசி வந்து நின்றார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. முப்பது வருசம் கங்காணி வேலை பார்த்தவர். ஆட்களை வேலைக்குப் பிரித்தனுப்பும் விடியற்காலைப் பெரட்டில் தோட்டத்துத் துரைக்கு முன்னால் நின்று ஒவ்வொரு வாக்கியத்துக்கும் "ஆமாங்க, ஆமாங்க" என்றே பழகிய உடம்பு. பென்சன் எடுத்தும் அந்தப் பழக்கம் மட்டும் வேலையை விட்டு நிற்கவில்லை. ரேடியோவில் செய்தி வாசித்தால்கூட "ஆமாங்க" போடுவார்.

"தம்பீ!" என்றது ஸ்பீக்கர்.

பொன்னையாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "அக்கா!"

இரண்டு மூச்சு. "தம்பீ, கேக்குதா? அங்க மழையா?"

"ஆமாக்கா."

அந்த ஆமாக்கா கடலுக்கு மேலே எங்கேயோ தயங்கி நின்றது. பதிலைக் காணாத அங்கம்மா அடுத்ததற்குப் போனாள். "தை மாசமே கல்யாணத்த வச்சிரலாமாடா?"

அப்போதுதான் மழைக்குப் போட்ட ஆமாக்கா கோத்தகிரியில் இறங்கியது.

இங்கே பொன்னையா, "பொறுக்கா, புள்ளகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு..." என்று தொடங்கினார். அங்கே அங்கம்மாவும் அவளுடைய மருமகள்மாரும் குலவை போட்டார்கள். வீட்டோடு நாலைந்து பெண்கள் போட்ட குலவை. குயில்லைன் அவருடைய வாக்கியத்தை முழுசாக விழுங்கியது. குலவை அடங்குவதற்குள் லைனும் அறுந்துவிட்டது.

"முடிஞ்சிருச்சா?" என்றாள் பாக்கியலெட்சுமி, முந்தானையால் வாயைப் பொத்தி.

"என்னா முடிஞ்சிருச்சு? நான் மழையச் சொன்னேன்டி!"

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "முபாரக் பொன்னையாண்ணே!" என்று ஸுபைராவின் வாழ்த்து வந்தது.

அதற்குப் பிறகு நான்கு நாள் அந்த வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. பொன்னையா முற்றத்துக்கும் ரோட்டுக்கும் நடந்தார். அத்தையிடம் மழைக் கதையைச் சொல்லிவிடலாம் என்று ரஜீவ் சொன்னான். "அக்கா சந்தோசப்பட்டு குலவ போட்டுச்சுடா. அதுக்கு மேல நான் எப்புடி இல்லன்னு சொல்றது?" என்றார். "இல்லை" என்ற சொல்லை அவர் வாழ்க்கையில் எங்கேயும் பெரிதாகச் செலவழித்ததில்லை. வியாழக்கிழமை அவர் நகைக்கடைக்காரரின் பெயரைச் சொல்லத் தொடங்கியபோது கலாராணி எழுந்தாள்.

"அப்பா, லைன் கெட்டதுன்னு எனக்கு முந்தியே தெரியும். தெரிஞ்சுதான் போடச் சொன்னேன்."

"நான் அப்பவே சொன்னேன்ல!" என்று ரஜீவ் துள்ளினான்.

"வாய மூடுடா," என்றார் பொன்னையா. அவர் வாயிலிருந்து அப்படியொரு சொல் வந்ததே அந்த வீட்டில் புதுசு. "ஏம்மா?"

"நான் போகல. கோத்தகிரிக்கு நான் போகலப்பா. வாத்தியார் வேலைக்கு எழுதிப் போட்டிருக்கேன்."

பொன்னையா முற்றம் வரை போய்த் திரும்பி வந்தார். பிறகு, "அத என்னால சொல்ல முடியாது," என்றார். "நீயே சொல்லு. கேக்குற லைன்ல சொல்லு."

சனிக்கிழமை ரஜீவ் டிங்கோடெல் பூட்டினான். வெற்றிக் களிப்பில் இரண்டு தரம் ஸ்குரூ முறுக்கினான். கலாராணி நின்றபடியே பேசினாள்.

"அத்த, நான் கலா. அன்னைக்கு அப்பா ஆமான்னது மழைக்கு. கல்யாணத்துக்கு இல்ல. நான் வரல அத்த. மன்னிச்சுக்கிருங்க."

அந்தப் பக்கம் அங்கம்மா மூச்சு விடுவது கேட்டது. வாசலில் கோழி ஒன்று கொக்கரித்ததும் கேட்டது. பதில் மட்டும் இல்லை. அந்த மௌனத்துக்கு லைனைக் குறை சொல்ல முடியாது. கடைசியில், "நான் ஊருக்கெல்லாம் சொல்லிட்டேனேடி," என்றாள் அங்கம்மா. போனை வைத்த சத்தம், ஸுபைரா சொன்ன மாதிரியே, பக்கத்தில் கேட்டது.

அங்கம்மா அதோடு தம்பியிடம் இரண்டு வருசம் பேசவில்லை. பொன்னையா ஞாயிறுதோறும் குளித்து வேட்டி மாற்றி மேசைப் பக்கம் போவார், வருவார். கலாராணி அந்த நேரத்தில் வீட்டிலேயே இருக்கமாட்டாள். துணி துவைக்கவென்று தண்ணீர்ப் பீலிக்குப் போய்விடுவாள்.

வேலைக் கடிதம் பதினொரு மாதம் கழித்து வந்தது. வெலிமடைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலையில் போட்டார்கள். அதே பாடசாலையில் கணக்குப் படிப்பித்த யாழ்ப்பாணத்து மதுசூதனனை அவள் கட்டிக்கொண்டாள். யார் யாரை முதலில் பார்த்தது என்பதற்கு ஸுபைராவிடம் மூன்று கதைகள் இருக்கின்றன. அழகர் குன்னூர்ப் பெண்ணைக் கட்டி, தேயிலையை விட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனான். அந்தக் கல்யாணத்துக்குத்தான் அங்கம்மா மனம் இறங்கித் தம்பிக்குப் பத்திரிகை அனுப்பினாள். ரஜீவ் கட்டாருக்குப் போய்விட்டான். கடல் தாண்டமாட்டேன் என்றவள், புருசனுக்கு மாற்றம் கிடைத்ததும், இரண்டு பெட்டியோடு பஸ் ஏறி, நாட்டின் மறுகோடியில் யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரிக்குப் போனாள்.