ஓடாத காரின் மீட்டர்

இசக்கி வீட்டுக்குள் நின்ற சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை விற்க முடிவெடுத்தபோது மார்க்கெட் மந்தமாக இருந்தது.

வீடு ஒற்றை அறை. அறையின் நடுவில் கார். வாசலில் ஓர் ஆள் ஒருக்களித்துத்தான் நுழைய முடியும். கார் எப்படி உள்ளே வந்தது என்று தெருவில் யாரும் கேட்டதில்லை. ஜவுளிக்கடை தீபாவளிக் குலுக்கலில் விழுந்த பரிசு என்றதும், அப்படியா என்று தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள். இசக்கியின் அம்மா மாடத்தி வாங்கியது ஒரு பாவாடைத் துணி. விழுந்தது கார். குத்துவிளக்கு விழுந்திருந்தால் அடகாவது வைத்திருக்கலாம் என்று அவள் இன்றுவரைக்கும் சொல்வாள்.

கொண்டுவந்து இறக்கியவர்கள் முறைப்படி நாலு சக்கரத்துக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்தார்கள். புது வண்டி அதை நசுக்கிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். வீட்டில் யாருக்கும் ஓட்டத் தெரியாது. பழங்கள் அப்படியே கிடந்தன. அப்போது இசக்கி ஒன்றாம் வகுப்பு. இப்போது பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்துவிட்டு வேலை தேடுகிறாள். பழங்கள் இன்னும் வாடவில்லை.

அவள் படித்ததெல்லாம் காருக்குள்தான். வெளியே அம்மாவும் அக்கா பேச்சியும் பீடி சுற்றுவார்கள். இலையும் தூளும் முறமுமாகத் தரை அடைந்து கிடக்கும். காருக்குள் ஒரு சின்ன விளக்கு எரிந்தது. டிரைவர் சீட்டில் காலை மடக்கி உட்கார்ந்து படிப்பாள். பக்கத்து சீட்டில் அரிசி மூட்டை.

படிக்கப் படிக்க மீட்டர் ஏறியது. வண்டி ஓர் அங்குலம் நகரவில்லை. கிலோமீட்டர் மட்டும் ஏறிக்கொண்டே போயிற்று. கால்குலஸ் படித்த வருஷம் ரொம்ப ஏறியது. இது எப்படி என்று கல்லூரியில் பேராசிரியரிடம் கேட்டாள். சிலபஸில் இல்லை என்றார்.

சொந்தக்காரர்கள் வந்தால் கண்ணாடி வழியே மீட்டரை எட்டிப் பார்ப்பார்கள். "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இம்புட்டுக் கிலோமீட்டர்?" என்பார்கள். இசக்கி ஹாரனை அடிப்பாள். அது மட்டும் நன்றாக வேலை செய்தது.

அந்தக் குடும்பத்தில் முதல் பட்டதாரி அவள்தான். பட்டத்தைக் கண்ணாடி போட்டு, காரில் உட்கார்ந்தால் நேர் எதிரே தெரிகிற மாதிரி சுவரில் மாட்டியிருந்தாள். அக்கா பள்ளிக்கூடத்துக்கே போகவில்லை. முதலில் பிறந்தவள் பீடிக்கு என்று அவள் பிறக்கும் முன்பே முடிவாகியிருந்தது. அவள் சுற்றிய பீடியில்தான் இவள் ஃபீஸ் கட்டினாள். அதை நினைத்தால் இசக்கிக்குக் கோபம் வரும். எதை நினைத்தாலும் வரும். இதை நினைத்தால் கொஞ்சம் கூடுதலாக வரும்.

இப்போது பேச்சிக்கு மாதம் ஏழு. வளைகாப்பு முடிந்து, தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வர வேண்டும். போன் பண்ணினாள்.

"ஏட்டி, எனக்கு ஒண்ணும் வேண்டாம். காலை நீட்டிப் படுக்க ஒரு இடம் போதும். இங்க மூணாவது மாடிக்குத் தண்ணி தூக்கியே செத்துருவேன் போலிருக்கு."

"இடம் இருக்குக்கா. வா."

இடம் இல்லை. கார் இருந்தது.

விளம்பரம் போட்டாள். சிவப்பு, இரண்டு கதவு, கை மாறாதது, மீட்டர் படத்தில் உள்ளபடி. ஒருவன் கூப்பிட்டான்.

"வண்டி எங்கயாவது ஓடியிருக்கா?"

"இல்ல."

"மீட்டர் ஏறியிருக்கே?"

"படிச்சேன்."

"எக்ஸ்பீரியன்ஸ் இல்லன்னு சொல்லுங்க."

வைத்துவிட்டான். வேலைக்குப் போன இடத்திலெல்லாம் மேஜைக்கு அந்தப் பக்கமிருந்து பேசிய அதே குரல் என்று அவளுக்குப் பட்டது.

இன்னொருவர் நேரில் பார்க்க வருவதாகச் சொன்னார். திங்கட்கிழமை தெருமுனையில் தெரிந்தார். வெள்ளைச் சட்டை, மூக்குக்கண்ணாடி, பையில் பேனா. மார்க்கெட் மந்தம் என்பதால் மெதுவாக வந்தார். புதன்கிழமை அடிபம்பை நெருங்கினார். அடுத்த திங்களிலும் அடிபம்பைத் தாண்டவில்லை. நின்றுவிட்டார் என்று சொல்ல முடியாது. கால் ஒன்று எப்போதும் முன்னால் இருந்தது. மாடத்தி ஒருநாள் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"என்னவாம்?" என்றாள் இசக்கி.

"வந்துட்டே இருக்காவளாம். தங்கமான மனுசன். டம்ளரைக் கழுவிக் குடுத்தாவ."

இசக்கி நேரே போய் அவர் முன்னால் நின்றாள். "சார், கொஞ்சம் வெரசா நடந்தா என்ன?"

"மார்க்கெட் இருக்கிற இருப்பில் ஓட முடியுமாம்மா?" என்றார் அவர் வருத்தமாக.

கடைசியில் புரோக்கர் நயினார் அண்ணாச்சி ஓர் ஆளைக் கூட்டிவந்தார். இருவரும் ஒருக்களித்து உள்ளே நுழைந்தார்கள். வந்தவர் ஞானதுரை, அரிசி மில் முதலாளி.

"எம் மவன் ஸ்போர்ட்ஸ் கார் இல்லாட்டா சோறு திங்க மாட்டேங்கான்" என்றார் ஞானதுரை. "ஓடுத கார் வாங்கிக் குடுத்தா ஓட்டிருவான்லா? எனக்கு ஒத்தப் புள்ள. அதான் ஓடாத காரா தேடுதேன்."

"இது ஓடாது" என்றாள் இசக்கி. வேலை தேடத் தொடங்கிய பிறகு முதல்முறையாக ஒருவர் கேட்டதற்குச் சரியான பதில் அவளிடம் இருந்தது.

ஞானதுரை வேட்டியை மடித்துக் கட்டிக் குனிந்தார். நாலு சக்கரத்தையும் பார்த்தார். ஓர் எலுமிச்சையை விரலால் அமுக்கினார். "நசுங்கல. ரொம்ப சந்தோசம்" என்று நிமிர்ந்தவர், மீட்டரைப் பார்த்ததும் முகம் சுருங்கினார்.

"இது ஊரைச் சுத்தின வண்டிலா?"

"ஓடலைங்க. நான் உள்ள இருந்து படிச்சேன். அதுல ஏறினது."

"படிச்சா ஏறுமா?"

"ஏறிச்சு."

ஞானதுரை பயந்துபோனார். "அப்ப எம் மவனும் உள்ள உக்காந்து படிச்சிட்டான்னா?"

"முதலாளி, தம்பி அப்படியெல்லாம் செய்யாது" என்றார் நயினார்.

"அதுவும் சரிதான்." கொஞ்சம் ஆறுதலானார். "ஆனா எலுமிச்சை ஓடலங்குது, மீட்டர் ஓடிச்சுங்குது. ரெண்டுல ஒண்ணைச் சரி பண்ணுங்க. மீட்டர் சைபர்ல இருந்தா இப்பமே தூக்கிட்டுப் போறேன்." வாசற்படியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

நயினாருக்கு இது தினப்படி வேலை. மீட்டரைக் குறைக்காமல் அவர் ஒரு வண்டியும் விற்றதில்லை. மீட்டர் கண்ணாடியைக் கழற்றினார். உள்ளே எண் போட்ட சக்கரங்கள் மிளகு அளவில் இருந்தன. அவர் விரல் ஒவ்வொன்றும் வாழைப்பூ. தொட முடியவில்லை.

"யக்கா, நீங்க சுத்துங்க" என்றார் மாடத்தியிடம். "பீடி சுத்துத விரல்தான் இதுக்குச் சரி."

மாடத்தி பெருமையாகக் காருக்குள் ஏறினாள். விரலை நாக்கில் தொட்டு நனைத்தாள். இலையைச் சுருட்டுகிற அதே சுண்டல். கடைசி எண் பின்னால் போயிற்று.

"எனக்கு எழுத்து தெரியாது. எம்புட்டு இறங்கிச்சுன்னு நீ பாத்துச் சொல்லிட்டே வா."

இசக்கி படித்துச் சொன்னாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவளுடைய கடைசி செமஸ்டர் போய்விட்டது. மறந்து போகவில்லை. மறந்தால் ஏதோ இருந்த தடம் தெரியும். இது அலமாரியோடு தூக்கிக்கொண்டு போன மாதிரி இருந்தது.

"எம்மா, நிறுத்து."

"என்னட்டீ?"

"நீ சுத்தச் சுத்த என் படிப்பு போவுது."

மாடத்தி தணல் பட்டதுபோல் கையை எடுத்தாள். "அண்ணாச்சி, இப்படியும் உண்டா?"

"எதுல ஏறிச்சோ அதுலதான இறங்கும்?" என்றார் நயினார்.

"திரும்ப ஏறாதா?" என்றாள் இசக்கி.

"ஏறும். அதுக்கு வண்டி வேணும்லா."

மாடத்தி இறங்கப் பார்த்தாள். "நமக்கு இந்த யாவாரம் வேண்டாம்ட்டீ. பேச்சிய நான் மடியில போட்டுக்கிடுதேன்."

"ரெண்டு மாசத்துக்கா?"

"ஏன், பத்து மாசம் போடலயா?"

அப்போது போன் அடித்தது. பேச்சி.

"இசக்கி, பஸ் ஏறிட்டேன். போனா பிள்ளையோடதான் திரும்பணும்னு அத்தை கதவைச் சாத்திட்டாவ. எட்டி, நெசமாவே இடம் இருக்குல்லா?"

இசக்கி எதிர்ச் சுவரைப் பார்த்தாள். அதில் அவள் பெயர் தங்க எழுத்தில் இருந்தது. ஜவுளிக்கடைக்காரன் மேல் கோபம் வந்தது. மூன்றாவது மாடி மேல் வந்தது. அடிபம்புப் பக்கம் ஒரு காலை முன்னால் வைத்து நின்றவர் மேல் வந்தது. மடியில் போட்டுக்கொள்கிறேன் என்ற அம்மா மேல்தான் ரொம்ப வந்தது.

"இருக்குக்கா" என்றாள். போனை வைத்தாள். "சுத்தும்மா."

"ஏட்டி..."

"சுத்துன்னா சுத்து. கணக்குப் பாத்து நிறுத்த நான் இருக்கேன்."

மாடத்தி சுற்றினாள். அழுதுகொண்டே சுற்றினாள். ஆனாலும் விரல் தவறவில்லை. அழுதுகொண்டே சுற்றித்தான் அதற்குப் பழக்கம்.

வெப்பம் ஏன் சூட்டிலிருந்து குளிர்ச்சிக்குப் போகிறது என்பது போயிற்று. ஒளி தண்ணீருக்குள் வளையும் என்று இசக்கிக்கு ஒரு காலத்தில் தெரிந்திருந்தது. இப்போது வெளிச்சம் வந்தது. வந்து இருந்தது. அவ்வளவுதான். நயினாரின் சட்டையில் எழுதியிருந்த இங்கிலீஷ் பூ வேலையாக மாறியது. மேடையில் முதல் பரிசு வாங்கின பேச்சு, கைதட்டல் மட்டும் மிச்சமாகிக் கரைந்தது. எட்டாம் வாய்ப்பாடு போனபோது சின்னதாக ஒரு சத்தம் கேட்டது. அரிசி மூட்டையில் எழுதியிருந்த பெயரைப் படிக்கப் பார்த்தாள். கறுப்பாக ஏதோ ஊர்ந்தது.

"இப்பம் எம்புட்டு?" என்றாள் அம்மா.

இசக்கி குனிந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"ஒரு வாத்து இருக்கும்மா. பக்கத்துல முட்டை. அங்கிட்டும் முட்டை."

"வாத்து போற வரைக்கும் சுத்துங்க" என்றார் நயினார்.

வாத்து போயிற்று.

"இப்பம்?"

"எல்லாம் முட்டை."

வாசற்படியிலிருந்து ஞானதுரை எழுந்து வந்து பார்த்தார். மகிழ்ச்சியாகத் தலையாட்டினார். பேப்பரை நீட்டினார். நயினார் பேனாவைக் கொடுத்தார். இசக்கி பேனாவை வாங்கி, அழகாயிருக்கிறது என்று திருப்பிப் பார்த்துவிட்டு, அவரிடமே கொடுத்தாள்.

"மை டப்பா இருக்கா அண்ணாச்சி?" என்றாள் மாடத்தி.

இருந்தது. மாடத்தி மகளின் கட்டைவிரலைப் பிடித்தாள். இவளுக்குச் சொல்லிக்கொடுக்கத் தன்னிடம் ஒன்று இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை. "அமுக்காத. ஒரு பக்கமிருந்து மெதுவா உருட்டு. ஆங்... அப்படித்தான்."

இசக்கி உருட்டினாள். ரேகை நன்றாக விழுந்தது. ஞானதுரை பாராட்டினார்.

மில் ஆட்கள் வந்து அரிசி மூட்டையை இறக்கி வைத்தார்கள். பிறகு கட்டிலைத் தூக்குவதுபோல் காரை ஒருக்களித்துத் தூக்கினார்கள். வாசலில் ஒரு சிராய்ப்பு இல்லாமல் வெளியே போயிற்று. தெருவில் தலைமேல் வைத்துக்கொண்டு நடந்தார்கள். பேனா வைத்தவர் அவர்களுக்கு ஒதுங்கி வழிவிட்டார். என்ன கார் என்று கேட்கவில்லை.

அறையின் நடுவே கார் அளவுக்கு இடம் இருந்தது. நாலு மூலையில் நாலு எலுமிச்சம்பழம்.

பேச்சி பையோடு வந்து சேர்ந்தாள். அந்த இடத்தைப் பார்த்து வாயைப் பிளந்தாள். கேட்காமலே நடுவில் போய்ப் படுத்தாள். காலை நீட்டினாள். நீட்டிய கால் எதிலும் இடிக்கவில்லை. இன்னும் நீட்டினாள்.

"யம்மாடி" என்றாள்.

மாடத்தி பழங்களைப் பொறுக்கிப் பிழிந்து, சர்க்கரை போட்டுக் கொடுத்தாள். பேச்சி படுத்தபடியே குடித்தாள். இசக்கி பக்கத்தில் உட்கார்ந்து அக்காவின் பாதத்தைப் பிடித்துவிட்டாள். வீங்கியிருந்தது. அவளுக்குக் கோபமாக வந்தது. கோபம் மட்டும் மீட்டரில் சேராத சாமான் போலிருக்கிறது. அது குறையாமல் அப்படியே இருந்தது. யார் மேல் என்றுதான் பிடிபடவில்லை.

"எட்டி, சுவத்துல அது என்னது, கண்ணாடி போட்டு?" என்றாள் பேச்சி. கார் மறைத்ததில் அதை அவள் பார்த்ததே இல்லை.

இசக்கி நிமிர்ந்து பார்த்தாள். எழுந்து கிட்டே போனாள். ஓரத்தில் பூ போட்டிருந்தது. நடுவில் தங்கக் கலரில் ஏதோ வரிவரியாக ஓடியது. ஒரு மூலையில் அவளுடைய முகம் ஒட்டியிருந்தது. அந்த முகத்துக்கும் யார் மேலோ கோபம்.

"தெரியலக்கா. என்னைப் போட்டிருக்கு. என்ன எழுதியிருக்குன்னு தெரியல."

"நல்லதாத்தான் இருக்கும்" என்றாள் பேச்சி.

மாடத்தி வாசலில் தலையை நீட்டித் தெருவைப் பார்த்தாள்.

"அந்தா அந்தத் தங்கமான மனுசன் வாராவல்லா. கண்ணாடி போட்டிருக்காவ. பையில பேனா இருக்கு. வந்ததும் படிச்சுச் சொல்லச் சொல்லுவோம்."

இசக்கியும் வந்து பார்த்தாள். அவர் அடிபம்புப் பக்கம் வந்துகொண்டிருந்தார். அவருக்கும் சேர்த்து ஒரு டம்ளர் கலக்கி வைத்தாள்.