பத்துமணிப் பாத்தி

"நெல்லை நாம நடுதோம். களைய யாரும்மா நடுதா?"

மகள் குருவம்மாள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது வரப்பில் உட்கார்ந்து கேட்டது. சுடலைமாடத்தி நிமிராமலே, "அதையும் சாமிதான் நடுது. இல்லேன்னா நமக்கு யாரு வேலை குடுப்பா?" என்று சொல்லி வைத்தாள்.

அந்தப் பிள்ளைக்குக் கல்யாணமும் ஆகிவிட்டது. சுடலைமாடத்தி இப்போது இராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லின் கெஸ்ட் ஹவுஸ் தோட்டத்தில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். ரோஜாப் பாத்திகள் முழுக்கக் கோரை. இன்றைக்குப் பிடுங்கினால் நாலாம் நாள் ஊசி ஊசியாக நிற்கும். அவளோடு வேலை பார்த்தவள் பரிபூரணம். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்திலிருந்து தினமும் டவுன் பஸ்ஸில் வருவாள். அவள் புருஷன் பேண்டேஜ் துணி நெய்யும் தறியில் பஞ்சுத் தூசி ஏறி, இருமி இருமி வீட்டோடு உட்கார்ந்துவிட்டான். ரெண்டு பிள்ளைகளுக்கும் அவள் கூலிதான் கஞ்சி.

போன தையில் சுடலைமாடத்திக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். வேலைக் கணக்கிலிருந்து பேரை வெட்டிவிடுவார்களே என்று வயிற்றில் தையல் ஆறுமுன்னே வேலைக்கு வந்துவிட்டாள். குத்தவைக்க முடியவில்லை. பரிபூரணம் அவள் பங்கையும் சேர்த்தே பிடுங்கினாள். பிறகு ஒரு நாள், கண்டக்டரிடம் வசவு வாங்கிக்கொண்டு, சாக்கு நிறையப் பத்துமணிப் பூச்செடித் தண்டுகளைக் கொண்டுவந்து இறக்கினாள். அவள் தெருவில் ஒரு வீட்டு முற்றத்தில் அது படர்ந்த இடத்தில் ஒரு புல் முளைத்து அவள் பார்த்ததில்லை.

மத்தியானம் மில் ஆட்கள் சாப்பிடும் நேரத்தில், சுடலைமாடத்தியின் பாத்திகளைக் கொத்தி, கோரைக் கிழங்கைப் பொறுக்கி எடுத்துவிட்டு, தண்டுகளை ஊன்றினாள். "உங்களுக்குக் குனியுற வேலை கொறையும்க்கா" என்றாள். தன் தூக்குவாளியை நின்றுகொண்டேதான் குடித்து முடித்தாள்.

ஆடிக்குள் செடி மற்றப் பாத்திகளுக்கும் பரவி, பாய் விரித்தமாதிரி மூடிவிட்டது. வெயில் ஏறினால் சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்துக் கிடக்கும். மண்ணே தெரியாது. களையும் இல்லை.

மேஸ்திரி ராஜரத்தினம் பாத்தி ஓரத்தில் நின்று வெகுநேரம் பார்த்தார்.

"பூ நல்லாத்தான் இருக்கு. மொதலாளி வீட்டம்மாகூடச் சந்தோசப்பட்டாக. ஆனா களையே இல்லாத தோட்டத்துக்கு ரெண்டு ஆளு எதுக்குன்னு ஆபீஸ்ல கேக்காக. மாசக் கடைசி வரைக்கும் பாப்போம். பொறவு, பின்னாடி சேந்த ஆளு வேலைய விட்டு நிக்க வேண்டியதுதான்."

பின்னாடி சேர்ந்தவள் பரிபூரணம். அவள் கையிலிருந்த களைக்கொத்தியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

சுடலைமாடத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "களை இல்லாமப் பண்ணுனதே அவதான், அண்ணாச்சி. நல்லா வேலை பாத்தவள வெளிய போகச் சொல்லுதீகளா?"

"நான் எங்க சொன்னேன்? ஆபீஸ்ல சொல்லுதாக."

"அப்ப ஆபீஸ்ல போயி நான் சொன்னேன்னு சொல்லுங்க. அவள நிறுத்துனா நானும் வரமாட்டேன்."

"வராட்டிப் போ. கேட்டுக்கு வெளிய ஆளா இல்ல?"

அவர் போனதும் பரிபூரணம் கடிந்துகொண்டாள். தனக்காக வாயைக் கொடுத்து இருக்கிற பிழைப்பையும் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்றாள்.

"ஒனக்காக யாரு பேசுனா? போடி" என்றாள் சுடலைமாடத்தி.

மறுநாள் மத்தியானச் சங்கு ஊதியது. எல்லாரும் தூக்குவாளியோடு வேப்பமரத்தடிக்குப் போனார்கள். வயிறு சரியில்லை என்று சொல்லி சுடலைமாடத்தி பின்தங்கினாள். பம்புசெட்டுக்குப் பின்னால், களை கொட்டும் குப்பைமேட்டைக் கையால் கிளறினாள். கருப்புக் கருப்பாகக் கோரைக் கிழங்கு. நல்லதாகப் பார்த்து மடியில் கட்டிக்கொண்டு வந்தாள்.

ஆபரேஷனுக்குப் பிறகு அன்றுதான் முழுசாகக் குத்தவைத்தாள். தையல் போட்ட இடம் சுண்டி இழுத்தது. பூவை விலக்கி, விரலால் குழி பறித்து, ஒவ்வொரு கிழங்காக ஊன்றி மண்ணை அமுக்கினாள்.

"ஆண்டாளம்மா, துளசித் தோட்டத்துல கெடந்தவதான நீயி, மண்ணு சங்கதி ஒனக்குத் தெரியும்" என்று முணுமுணுத்தாள். "இது பாவம்னா என் தலையில எழுதிக்கோ. ஆனா மொளைக்க வச்சிரு."

வாய்க்கால் தண்ணீரைத் திருப்பிவிட்டு, கையைக் கழுவினாள். வேப்பமரத்தடிக்குப் போனபோது பரிபூரணம் தன் கஞ்சியில் பாதியை அவளுக்கு வைத்திருந்தாள்.

மாசக் கடைசிக்குள் ரெண்டு மழை பெய்தது. சிவப்புப் பூவையும் மஞ்சள் பூவையும் குத்திக்கொண்டு பச்சை ஊசிகள் கிளம்பின. ராஜரத்தினம் வந்து பார்த்து முகம் சுளித்தார். ரெண்டு பேர் இருந்தும் தோட்டம் இந்த லட்சணத்தில் கிடக்கிறதே என்று வாய் ஓயாமல் ஏசினார். ஆளைக் குறைப்பது பற்றி அன்றைக்குப் பேச்சில்லை.

"சனியன், இம்புட்டுப் பூவுக்குள்ளயும் வந்துட்டே" என்றாள் பரிபூரணம். அவள் முதுகைக் காட்டி அடுத்த பாத்தியில் உட்கார்ந்திருந்தாள்.

"ஆமாட்டி" என்றாள் சுடலைமாடத்தி. மேலே தெரிந்த இலையை மட்டும் பறித்துக் கூடையில் போட்டாள். கிழங்கின்மேல் மண்ணைத் தள்ளிக் கட்டைவிரலால் அமுக்கிவிட்டு, அடுத்த இலைக்குக் கை நீட்டினாள்.