மைக்கு அக்காவுக்கு ஒரு கதகதப்பான இடம்

ஊரில் பாதிப் பேர் அவள் சொல் கேட்டுத்தான் பஸ் ஏறுகிறார்கள். பேருந்து நிலைய ஒலிபெருக்கியில் "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று அவள் ஆரம்பித்தால் போதும், டீ குடித்துக்கொண்டிருப்பவர் பாதி டம்ளரை அப்படியே வைத்துவிட்டு ஓடுவார். சண்டை போட்டுக்கொண்டிருக்கும் தம்பதி சண்டையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். நிலையத்தில் அவளுக்கு மைக்கு அக்கா என்று பெயர். வீட்டில் அப்படி மரியாதையாக ஒன்றும் கிடையாது.

குளிர் தொடங்கியதும் அந்தக் குரல் மக்கர் செய்தது. தொண்டை டாக்டர் உள்ளே டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, அவள் கணவனிடம் பேசினார். பேசக்கூடாதவளுக்குக் காதும் கேட்காது என்று முடிவு செய்துவிட்டார் போலிருக்கிறது.

"குரல் நாண் வீங்கியிருக்கு. ஒரு வார்த்தை பேசக்கூடாது, குசுகுசுன்னும் கூடாது. குளிர் இல்லாத, சத்தம் இல்லாத இடமாப் பார்த்துக் கொஞ்ச நாள் கூட்டிட்டுப் போங்க. சத்தத்துக்கு நடுவுல இருந்தா தொண்டை தானா எகிறும். இப்ப விட்டா அப்புறம் மைக்கை மறந்துட வேண்டியதுதான்."

மைக்கை மறப்பதா?

அன்று மாலையே ஃபோனில் இடம் பார்த்துவிட்டாள். கடலோரத்தில் ஒரு சின்ன விடுதி. குளிர்மாதங்களிலும் நல்ல வெயில். முற்றத்தில் இரண்டு நாற்காலி, எதிரே தண்ணீர். தங்கிப் போனவர் ஒருவர் எழுதியிருந்த ஒரே புகார், 'பேச்சுத்துணைக்குக் கூட ஆள் இல்லை.' படித்த கையோடு அறையைப் பதிவு செய்துவிட்டுக் கணவனிடம் ஃபோனை நீட்டினாள்.

"ஆளே இல்லையே. அங்க போய் என்ன பண்றது?" என்றான் அவன்.

'சும்மா இருப்பது' என்று அவள் தட்டச்சு செய்து முடிப்பதற்குள் அவனுக்கு வேறு அழைப்பு வந்துவிட்டது.

வார விடுமுறையில் குடும்பம் கூடியது. அவளுடைய ஓய்வைப் பற்றி முடிவெடுக்க மாமனார், கணவன், நாத்தனார், நாத்தனாரின் இரண்டு வாண்டுகள் என அவளைத் தவிர எல்லாரும் வந்திருந்தார்கள். அவளும் இருந்தாள். பஜ்ஜித் தட்டு நகர்த்துகிற வேலை இருந்ததே.

"ஒரு கேளிக்கைப் பூங்கா இருக்குண்ணா. உள்ளேயே ஹோட்டல். வெந்நீர்ல நீச்சல் குளம்! அண்ணிக்குக் கதகதப்புதானே வேணும்?" என்றாள் நாத்தனார்.

"சத்தம்?" என்றார் மாமனார், பொறுப்பாக.

"பாட்டும் ஆட்டமும் ராத்திரி பதினொண்ணோட முடிஞ்சிடும்ப்பா. அப்புறம் விடிய விடிய நிசப்தம்தான்."

அவள் ஃபோனில் வேகவேகமாக அடித்தாள். 'டாக்டர் சொன்னது என்ன, நீங்கள் பேசுவது என்ன? நான் ஏற்கெனவே இடம்' -

"பாருங்க, நாம அவளுக்காகப் பேசிட்டிருக்கோம், அவ ஃபோனை நோண்டிட்டு இருக்கா," என்றான் கணவன்.

"விடுண்ணா. அண்ணி ஒண்ணும் சொல்லலையே, பிடிச்சிருக்கு போல."

ஒண்ணும் சொல்லலையாம்! பேசக்கூடாதவளின் கோபம் எங்கே போகும்? சமையலறைக்குப் போனது. குக்கர் மூடி கழுவுதொட்டியில் விழுந்த சத்தத்தில் வாண்டுகள் இரண்டும் காதைப் பொத்திக்கொண்டன.

"ஏம்மா, சத்தமே கூடாதுன்னு டாக்டர் சொன்னார்ல?" என்று கூடத்திலிருந்து கேட்டார் மாமனார்.

கிளம்பும் நாள் வந்தது. எல்லார் துண்டையும், மாமனாரின் மாத்திரையையும், வாண்டுகளின் மிதவை வளையங்களையும் அவள்தான் பைகளில் அடுக்கினாள். பேருந்து நிலையத்தில் எல்லாரும் பெஞ்சில் உட்கார, டைம் கீப்பர் அவளைப் பார்த்து அறிவிப்புக் கூண்டிலிருந்து இறங்கி வந்தார்.

"என்ன மைக்கு அக்கா, முகம் இப்படி இருக்கு? பதிவு பண்ணி வெச்ச உங்க குரலைத்தான் ஓட்டிட்டிருக்கேன். பதிவுக்கு இருமல் வராது பாருங்க. எங்க பயணம்?"

அவள் ஃபோனை நீட்டினாள். டாக்டர் சொன்னது, கடலோரம், வெந்நீர்க் குளம் எல்லாம் அதில் இருந்தது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படித்தார். இத்தனை நாளில் அதை முழுசாகப் படித்த முதல் மனிதர். அவளுக்கு அழுகை வரும்போல் இருந்தது. அழுதால் தொண்டைக்கு ஆகாதே என்று அடக்கிக்கொண்டாள்.

"கடலோர வண்டி ரெண்டாவதுல நிக்குதுக்கா," என்றார் அவர். சொல்லிவிட்டுக் கூண்டுக்கு ஏறிப்போனார்.

ஒலிபெருக்கி கரகரத்தது. "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. கேளிக்கைப் பூங்கா செல்லும் பேருந்து ஐந்தாவது நடைமேடையிலிருந்து புறப்படத் தயாராக உள்ளது."

மாமனார் துள்ளி எழுந்தார். "எந்திரிங்க, எந்திரிங்க! சொல்லிட்டாங்கல்ல!"

"எவ்வளவு தெளிவா சொல்லுது பாரேன் அந்தம்மா," என்று நாத்தனார் மெச்சிக்கொண்டே ஓடினாள்.

"தங்கள் உடைமைகளைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்" என்றது குரல். சரிபார்த்தார்கள். பெட்டி இருந்தது, மாத்திரைப் பை இருந்தது, மிதவை வளையம்கூட இருந்தது. "அண்ணி?" "பின்வாசல்ல ஏறியிருப்பா, ஏறு ஏறு."

அவள் தன் ஒற்றைப் பையோடு இரண்டாவது நடைமேடைக்கு நடந்தாள். யாரும் தள்ளவில்லை, கடலோர வண்டியில் கண்டக்டரையும் சேர்த்து நாலு பேர். ஜன்னலோரம் உட்கார்ந்ததும் வெயில் கழுத்தில் விழுந்தது.

வண்டி ஊர் எல்லை தாண்டியதும் ஃபோன் அடித்தது. கணவன். பேசக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறாரே, துண்டித்தாள். உடனே எழுத்தில் வந்தது: 'எங்க இருக்க?'

'நான் முதல் நாளே உங்களிடம் காட்டிய இடத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறேன்' என்று நிதானமாக, ஒற்றுப்பிழை இல்லாமல் அடித்து அனுப்பினாள்.

பிறகு பதில் வந்தது.

'எந்த இடம்?'

அவள் ஃபோனை அணைத்துப் பையின் அடியில், துண்டுக்குக் கீழே போட்டாள்.