மோரிப் கடற்கரைப் படம்

நாகையாவுக்குப் படம் எடுக்க வராது. எடுத்தால் தலை வெட்டுப்படும். இல்லாவிட்டால் அவர் விரலே பாதிப் படத்தை அடைத்துக்கொள்ளும். ஆனாலும் எழுபத்தொரு வயதில், கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் அவரைப் போலப் படம் எடுத்துத் தள்ளியவர் யாருமில்லை.

மனைவி புஷ்பவல்லிக்கு இரண்டு வருடமாக மறதி நோய். காலையில் அவரோடு கோயிலுக்குப் போய், தோசை சாப்பிட்டு, பூ வாங்கி வைத்துக்கொண்டு வருவாள். அந்தப் பூ வாடுவதற்குள் செமினியில் இருக்கும் மகள் ஷாமினிக்குப் போன் போட்டுவிடுவாள்.

"உங்கப்பா என்னை எங்கயும் கூட்டிட்டுப் போறதே இல்லடி. வீட்டுலயே பூட்டி வெச்சிருக்காரு."

ஷாமினி முதலில் அப்பாவைத்தான் பிடித்துத் திட்டினாள். அதிலிருந்துதான் இந்தப் படங்கள். கோயில் வாசலில் ஒன்று, கிள்ளான் சேலைக்கடையில் ஒன்று, பாசாரில் மீன் வாங்கும்போது ஒன்று. புகார் கிளம்பியதும் போனை நீட்டுவார். "அட, போனோமா? நல்லாருக்கு லா," என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்பு அரைமணி நேரம் தாங்கும்.

இந்த நோய்க்கு ஓரவஞ்சனை அதிகம். இன்று காலைக் கோயிலைத் துடைத்துவிடும். நாற்பது வருடத்துக்கு முந்தியதைப் பத்திரமாக வைத்திருக்கும். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருந்த நாட்களில் நாகையா அவளை எங்கும் கூட்டிப்போனதில்லை. மோரிப் கடற்கரையை ஒரு தடவை பார்க்கவேண்டும் என்று வாய் வலிக்கக் கேட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை புளிச்சோறு கட்டி, குழந்தைக்குத் தொப்பி மாட்டிக் காத்திருந்தாள். ஓவர்டைம் என்று சொல்லிவிட்டுப் போன மனுஷன், சிநேகிதன் வீட்டில் சாயங்காலம்வரை சீட்டாடினார். பூசி மெழுக ஒன்றுமில்லை, தப்புதான். அது அவருக்கும் தெரியும். கூட்டிப்போனாரே என்று அவள் வாயால் ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டால் போதும் என்றுதான் இப்போது கிடந்து அலைகிறார்.

போன ஞாயிறு அவரே புளிச்சோறு கிண்டினார். உப்பு தூக்கல். வழியில் தெலுக் பங்லிமா காராங் ஊருக்குள் லோரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, மோரிப் போய்ச் சேர மணி பதினொன்று ஆனது. கடல் உள்வாங்கி, சேறுதான் பரந்து கிடந்தது. புஷ்பவல்லிக்கு அதுவே போதுமாக இருந்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, காற்றில் பறந்த முந்தானையை விட்டுப் பிடித்துச் சிரித்தாள். பக்கத்தில் நின்ற ஒரு பெண், "அங்கிள், ஆன்டி, இங்க பாருங்க," என்று இருவரையும் சேர்த்து எடுத்துக் கொடுத்தாள். இரண்டு தலையும் முழுசாக விழுந்திருந்தன.

வீடு திரும்பி, தேநீர் கலந்து கொடுத்துவிட்டு, போனை நீட்டினார்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு உற்றுப் பார்த்தாள். "இது மோரிப்தானே?"

"ஆமா புஷ்பா, மோரிப்தான்!"

"குடுத்து வெச்சவ இந்தம்மா. இந்த வயசுலயும் கூட்டிட்டுப் போயிருக்காரே, நல்ல மனுஷன். யாருண்ணே இவங்க?"

அண்ணே. நாற்பத்தாறு வருடத்தில் அவரை அவள் அப்படிக் கூப்பிட்டதில்லை.

"தெரிஞ்சவங்கம்மா," என்றார்.

"போனை இங்கயே வெச்சிட்டுப் போங்க. எங்க வீட்டுக்காரர் வந்ததும் காட்டணும். இதைப் பாத்தாவது எங்களைக் கூட்டிட்டுப் போறாரான்னு பாப்போம். ஓவர்டைம்னு சொல்லிட்டுத்தான் போனாரு. சீட்டாடப் போறது எனக்குத் தெரியாதா? புள்ள தொப்பியைக்கூடக் கழட்டாம உக்காந்திருக்கு."

அவளுக்குத் தெரியும் என்பது நாகையாவுக்கு அன்றுதான் தெரிந்தது. எழுந்து வெளியே போனார். கதவைச் சாத்தினார். முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்துக்கொண்டு மணியை அடித்தார்.

அவளே வந்து திறந்தாள்.

"புஷ்பா, வந்துட்டேன். கிளம்பு, மோரிப் போலாம்."

அவருக்குப் பின்னால் நடைபாதையை எட்டிப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தாள்.

"உள்ள வந்து உக்காருங்கண்ணே. அவரு இன்னும் வரல."